இசைத்தட்டுக்குள் ஒரு பிஸ்மி

பள்ளியில் ஓ.எல். பரீட்சை வரை மட்டும் படித்தவள் இசையைப் பற்றி எழுத வருவது அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது சொன்னால்தான் தெளியும் போலிருக்கிறது.

ஊரை விட்டு வந்து, வெளிநாட்டில் லெஸ்டர் நகரில் ஒரு சிறிய ரேடியோ நிலையத்தில் தரை துடைக்கிறேன். இங்கே ஆள் இருக்கும் அறையிலும் சத்தம் இருக்காது. சென்ற மாதம் ஒரு கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே அமைதி. அணைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, வேலை தொடங்கும் வழக்கப்படி “பிஸ்மில்லாஹ்” என்றபடி வாளியோடு நுழைந்தேன். ஹெட்போன் மாட்டிய நரைத்த மனிதர் ஒருவர் ஒரு கருவியின் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்தது. ஜன்னலில் விழும் மழைக்காக ஒரு மைக்கையும் திறந்து வைத்திருந்தாராம்.

சென்ற வியாழக்கிழமை அவர் என்னை உட்காரவைத்து ஹெட்போனைத் தந்தார். அந்தப் பதிவு சிறிய இசைத்தட்டாக வரப்போகிறது என்றார். பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருந்தேன். மேளமில்லை, பாடும் குரலில்லை. ஒரு இரைச்சல் மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டே வந்தது. எங்கள் ஊர் நிந்தவூரில் வாப்பா வரம்பை வெட்டி வயலுக்குத் தண்ணீர் விடுவார். பார்த்துக்கொண்டேதான் நிற்போம், எப்போது நிறைந்தது என்று தெரியாது. இதுவும் அப்படித்தான் நிறைந்தது. நடுவில் என் பிஸ்மி. என் குரலை அவ்வளவு அழகாக நான் கேட்டதில்லை. கண் கலங்கியது. பயத்திலா என்றும் தெரியவில்லை.

“இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வைக்கலாமா? நாளை அச்சுக்குப் போகிறது” என்றார்.

அது இறைவனின் பெயர் என்றேன்.

“அழகான பெயர்” என்று சிரித்தார். நான் சொல்ல வந்தது அதுவல்ல.

பஸ்ஸில் இருந்தே ஊரிலுள்ள தங்கச்சியை அழைத்தேன்.

“என்ன ராத்தா, இந்த வயசில பாட்டுக்காரியா?”

“பாட்டில்லடி. ஒரு இரைச்சல்.”

“இரைச்சலுக்கா அழுறீங்க? அதுவும் மியூசிக்குக்குள்ள அல்லாஹ்ட பேரு. அவர்ட்ட எடுக்கச் சொல்லுங்க.”

“எடுத்தா நான் அதில இல்லாமப் போயிருவனே.”

“நீங்க ஏன் அதில இரிக்கணும்?”

ஊரில் என் குரல் வாசலைத் தாண்டக் கூடாது என்றார்கள். இங்கே தாண்டினாலும் கேட்க ஆளில்லை. முதல்முறையாக ஒருவர் கேட்டுவிட்டு, வைத்துக்கொள்ளவா என்கிறார். அதுவும் பிஸ்மியாக இருக்கிறதே. வேறு ஏதாவது சொல்லிக்கொண்டு நுழைந்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. ஆனால் வேறு எதைச் சொல்லிக்கொண்டு நான் ஒரு வேலையைத் தொடங்கியிருப்பேன்?

மறுநாள் எடுத்துவிடச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டு, மீண்டும் போட்டுக் காட்டினார். நான் இருந்த இடம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தரையைத் துடைத்துவிட்டு பஸ் ஏறினேன்.