நாக்குக்குத் தெரியாத பழம்

மொத்தப் பழக்கடையில் பெட்டி இறக்குபவன் வாயில்லாப் பூச்சி. ஆனால் பட்டப்பெயர் நாக்கு. பெயர் தெரியாத பழம் வந்தால் முதலாளி முதலில் அவனைத்தான் தின்னச் சொல்வார். மாலைவரை அவன் நல்லபடியாக நடமாடினால், மறுநாள் பழம் விற்பனைக்கு வரும். அதையும் ஒரு மரியாதையென்று வீட்டில் பீற்றிக்கொள்வான்.

ஊதா நிறப் பழம் ஒன்றைத் தின்றவன் ஆஸ்பத்திரியில் விழுந்தான். சாயங்காலம் முதலாளியே வந்தார். மனைவி பூரித்துப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"தோலோடயா தின்னே?"

நாக்கு வீங்கிப் பேச்சு வராமல் தலையாட்டினான்.

"அதானே பார்த்தேன். சதை மேல குத்தமில்ல." முதலாளி பையிலிருந்து அதே ஊதாப் பழம் இன்னொன்றை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்க, தன் கையாலயே உரிச்சுத் தர்றாரு."