மன்னார்குடி லைனில் அமுதா

சென்ற புதன்கிழமை காலை பதினோரு மணி தாண்டியிருக்கும். மன்னார்குடிக் கிளையிலிருந்து அமுதா என்னை அழைத்தார். அங்கே புதிய தொலைபேசிகளைப் பொருத்திவிட்டு ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தார். நான் தஞ்சாவூர் தலைமை அலுவலகத்தில், வழக்கம்போல் அழைப்புகளை இணைத்துவிடும் ஆபரேட்டராகத் தொலைபேசி போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, குரல் தெளிவா இருக்கா?"

"நல்லா இருக்கு அமுதா."

"எதிரொலி ஏதும் வருதா?"

"இல்ல."

"அப்படியே இருங்கக்கா. பக்கத்து ரூம் போன்லேர்ந்து பேசிப் பாக்குறேன். வச்சிராதீங்க."

நான் வைக்கவில்லை. மின்விசிறி ஓடுவது கேட்டது. நாற்காலி ஒன்று தரையில் இழுபட்ட சத்தம் கேட்டது. பிறகு மின்விசிறி மட்டும். புது இணைப்புகளில் ஒரு பக்கத்துக் குரல் மட்டும் போகாமல் நின்றுவிடுவது உண்டு. அமுதாவே எனக்குச் சொல்லியிருக்கிறார். அதுதான் போலிருக்கிறது என்று நினைத்து, வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை. இருக்கச் சொல்லிவிட்டு எங்கே போனார் என்று கொஞ்சம் சலித்துக்கொள்ளவும் செய்தேன்.

பன்னிரண்டரை மணிக்கு மன்னார்குடிக் கிளை மேலாளர் பேசினார்.

"கலாம்மா, அமுதா மேடம் போயிட்டாங்க."

"எங்க போயிட்டாங்க? டெஸ்ட் பாதியில நிக்குது சார்."

அவர் அழுவது காதில் விழுந்த பிறகுதான் எனக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் புரிந்தது.

மாரடைப்பு என்றார்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வயது நாற்பத்தைந்து. சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ அவருக்கு இருந்ததில்லை. முந்தின நாள் சாயங்காலம் பேருந்து நிலையத்தில் கொய்யாப்பழம் வாங்கி, வேண்டாம் என்றாலும் கேட்காமல் என் பையில் நான்கைப் போட்டார். அதில் இரண்டு இன்னும் என் வீட்டில் இருக்கின்றன. அழுகக்கூட இல்லை.

எங்கள் நிறுவனம் விதைநெல் விற்பது. தஞ்சையில் தலைமை அலுவலகமும், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, மயிலாடுதுறையில் கிளைகளும் உண்டு. இந்த நான்கு ஊர்களுக்கும் இடையில் பேச்சும் கணினித் தகவலும் தடையில்லாமல் போய்வரும்படி பார்த்துக்கொண்டவர் அமுதா. இருபத்திரண்டு ஆண்டுகள். அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும். பெயரை மட்டும் கேள்விப்பட்டவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

அவர் ஒரத்தநாட்டை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். தாயார் மாரியாயி அம்மாள் நடவுக்கும் களைபறிக்கவும் போய்த்தான் மகளைப் பாலிடெக்னிக்கில் படிக்கவைத்தார். பிற்பாடு அதே ஊரில் அமுதா குடும்பம் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலம் வாங்கியது. முதல் அறுப்பு முடிந்ததும் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். அதில் இனிப்பே போதவில்லை. சமையல் அவருக்கு வராது. அதை யார் சொன்னாலும் சிரிப்பார்.

நான் அவரை முதலில் பார்த்தது என் வேலை போக இருந்த நேரத்தில்.

அப்போது கிளைகளின் இருப்புப் பட்டியல் மோடம் வழியாக வரும். கணினியில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் ஒலியாக்கித் தொலைபேசிக் கம்பியில் அனுப்பும் பெட்டி அது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பட்டியல் வரத் தொடங்கும், பாதியில் அறுந்துவிடும். மறுபடி போட்டால் சில நாள் வரும், சில நாள் வராது. மோடத்தை இரண்டு முறை மாற்றினார்கள். கம்பியை மாற்றினார்கள். அறுவது நிற்கவில்லை. சம்பா விதைப்பு நெருங்கியிருந்த நேரம். பாதிப் பட்டியலை நம்பி, பட்டுக்கோட்டையில் விதை இருக்கிறது என்று இங்கிருந்து சொல்லிவிட்டோம். போன விவசாயிகள் வெறும் சாக்கோடு திரும்பி வந்து, தலைமை அலுவலக வாசலில் சத்தம் போட்டார்கள். ஆபரேட்டர்தான் ஏதோ செய்கிறாள் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. எங்கள் அலுவலக மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை அறுந்தா வேற ஆளைப் பாத்துக்குவேன்" என்றார். என் கணவர் இறந்து ஓர் ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.

தொலைபேசிக் கருவியை விற்ற நிறுவனம் கடைசியாக அனுப்பியவர்தான் அமுதா. பெண்ணா என்று மேலாளர் முகம் சுளித்தார். அமுதா எந்தப் பெட்டியையும் திறக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா பாக்குறீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லக்கா. நீங்க உங்க வேலையப் பாருங்க. நான் இங்க இல்லன்னு நெனச்சுக்குங்க."

முதல் நாள் பட்டியல் ஒழுங்காக வந்தது. இரண்டாம் நாள் மூன்றேகால் மணிக்குக் கிடங்கு அதிகாரியைக் கேட்டு ஒரு வெளியூர் அழைப்பு வந்தது. அவருடைய இணைப்பு பேச்சில் இருந்தது. ஆபரேட்டருக்கென்று ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் நடந்துகொண்டிருக்கும் பேச்சுக்குள் நாம் நுழைந்து, இன்னொரு அழைப்பு காத்திருக்கிறது என்று சொல்லலாம். நான் அமுக்கினேன். குரல் எதுவும் இல்லை, கரகரவென்று இரைச்சல். உடனே விட்டுவிட்டேன்.

"இப்ப என்னக்கா அமுக்குனீங்க?"

காட்டினேன். அவர் எழுந்து கிடங்கு அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மோடத்தைக் கிடங்கு அதிகாரியின் தொலைபேசி இணைப்பிலேயே சேர்த்து வைத்திருந்தார்கள். பட்டியல் அறுந்திருந்தது.

"நீங்க உள்ள நுழையும்போது 'பிப்'னு ஒரு சத்தம் போவுது. மனுசங்கன்னா என்னன்னு கேட்டுட்டு, விட்ட இடத்துலேர்ந்து பேசுவாங்க. மோடத்துக்கு அது தெரியாதுக்கா. பேச்சையே விட்டுரும்" என்றார்.

அத்தனை நாளும் அறுத்தது நான்தான். சொன்னவர்கள் சொன்னது சரிதான். அழுதுவிட்டேன். அமுதா எழுந்து மேலாளர் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது.

"டேட்டா போற லைனுக்குன்னு இந்த மெஷின்ல ஒரு பாதுகாப்பு இருக்கு சார். அதப் போட்டா ஆபரேட்டர் நெனச்சாலும் நடுவுல நுழைய முடியாது. பொருத்துன எங்க ஆளுங்க போடாம விட்டுட்டாங்க. எங்க தப்பு."

"அமுக்குனது அவங்கதானே?"

"அமுக்கறதுக்குத்தானே சார் அந்தப் பட்டன வச்சிருக்கோம்?"

அமுதாவுக்கு அந்த அமைப்பை மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு பட்டியல் அறுந்ததே இல்லை. தன் நிறுவனத்தின் தவறை வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொண்டதற்காக அவருக்கு அங்கே திட்டு விழுந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. அடுத்த தை மாதம் எங்கள் மேலாளரே அவரைக் கூப்பிட்டு இங்கே வேலைக்கு வைத்துக்கொண்டார்.

அவர் தவறே செய்யாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. மயிலாடுதுறை லைனில் ஒரு மழைக்காலம் முழுக்க இரைச்சல். தகவல் போவதும் நிற்பதுமாக இருந்தது. பழுது வெளிக்கம்பியில்தான் என்று அமுதா அடித்துச் சொல்லி, அந்தப் பகுதித் தொலைபேசித் துறை லைன்மேன் மேல் மூன்று முறை புகார் எழுதினார். அந்த மனிதர் கொட்டும் மழையில் ஒவ்வொரு கம்பமாக ஏறிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பழுது இருந்தது எங்கள் மாடிப்படிக்குக் கீழே, அமுதாவே போட்ட இணைப்பில். சுவரிலிருந்து ஈரம் இறங்கிக் கம்பி பச்சை பூத்துப் போயிருந்தது. அன்றே அந்த லைன்மேனின் வீட்டைத் தேடிக்கொண்டு போனார். "என் ஜாயின்ட்தாங்க. உங்களப் போட்டு அலைய வச்சிட்டேன்" என்றாராம். புகார்கள் மூன்றும் தவறானவை என்று அவருடைய அதிகாரிக்குத் தானே கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை சாவு வீட்டில் அந்த லைன்மேனைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். மயிலாடுதுறையிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார்.

புயல் வந்த வருடத்தைச் சொல்ல வேண்டும். பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரங்கள் விழுந்து கிடந்தன. கிளையில் வேலை பார்க்கும் ஆறு பேர் என்ன ஆனார்கள் என்று இரண்டு நாளாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் அமுதா எங்கள் லாரியில் ஏறிப் போனார். சாலை அடைபட்ட இடத்தில் இறங்கி, விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தார்.

கிளைக்குள் முழங்காலளவு தண்ணீர் வந்து வடிந்திருந்தது. தொலைபேசிக் கருவியைக் கழற்றி, உள்ளிருந்த தகடுகளைத் துடைத்து, வெயிலில் காயவைத்தார். பூமிக்கடியில் போன கம்பி ஒன்று மட்டும் பிழைத்திருந்தது. லாரியிலிருந்து கழற்றி டிரைவர் சுமந்துவந்திருந்த பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்தார். மதியம் என் போர்டில் விளக்கு எரிந்தது.

"அக்கா, பட்டுக்கோட்டைலேர்ந்து பேசுறேன். ஆறு பேரும் இருக்காங்க."

என் பின்னால் நின்றிருந்த மேலாளர், "முதல்ல சேதப் பட்டியல அனுப்பச் சொல்லுங்க" என்றார். பேச்சையும் தகவலையும் பிரித்து அனுப்பும் பெட்டி நனைந்து கெட்டிருந்தது. ஒரே லைனில் ஒன்று முடிந்தால்தான் மற்றொன்று. மேலாளர் சொன்னதை அமுதாவிடம் சொன்னேன்.

"சார்ட்ட சொல்லுங்கக்கா, வாசல்ல நாப்பது அம்பது பேர் நிக்கிறாங்க. எல்லாரு வீட்டுப் புள்ளைங்களும் வெளிநாட்டுல இருக்கு. மூணு நாளா அங்க சோறு எறங்கியிருக்காது. அவங்க பேசி முடிக்கட்டும். பட்டியல் எங்கயும் ஓடிராது."

மேலாளர் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு, அமுதா சொல்லச் சொல்ல எண்களை அவரே எழுதத் தொடங்கினார். நான் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் குவைத்துக்கும் அழைத்து, ஒவ்வொருவராகப் பட்டுக்கோட்டையோடு சேர்த்துவிட்டேன். சேர்த்ததும் ஆபரேட்டர் விலகிக்கொள்ள வேண்டும். அன்று என்னால் உடனே விலக முடியவில்லை. ஒரு பெரியவர் தன் மகனிடம், "மரம் பூரா போச்சு தம்பி. நாங்க இருக்கோம்" என்றார். பொழுது சாயும் வரை இப்படியே போயிற்று. அதன் பிறகுதான் பட்டியல் வந்தது.

பேச்சிலும் தொழிலிலும் அவருக்கு ஒரே பிடிவாதம்தான். "எங்க பழுதுன்னு தெரியாம எதையும் மாத்தாதீங்க" என்பார். பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் ஆட்களோடு பேசுவார். எந்த நேரத்தில் அறுகிறது, அப்போது யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் கேட்டால் யாருக்கும் குற்றம் சாட்டுவதுபோல் இருக்காது.

அந்த நாற்காலிச் சத்தத்தைப் பற்றி நான் மன்னார்குடி மேலாளரிடம் கேட்டேன். டீ கொண்டுபோன அம்மாள்தான் அமுதாவை முதலில் பார்த்தார், சில நிமிடங்களுக்குள் தூக்கிக்கொண்டு ஓடினோம் என்றார். நான் வைக்காமல் சத்தம் போட்டிருந்தால், வேறு யாரையாவது உடனே கூப்பிட்டிருந்தால் என்று நினைக்காத நேரம் இல்லை. ஒன்றும் மாறியிருக்காது என்று மருத்துவர் சொன்னதாக அமுதாவின் கணவர் என்னிடம் சொன்னார். அவர் பள்ளி ஆசிரியர். அந்த நிலையிலும் என்னைத் தேற்றுவதற்காக அதைச் சொன்னார்.

வியாழக்கிழமை அமுதாவின் ஊருக்குப் போனோம். மாரியாயி அம்மாள் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என்னை யாரென்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் கடைசியா பேசுனீங்களாமே. எம்புள்ள என்ன சொல்லிச்சு?"

"குரல் தெளிவா இருக்கான்னு கேட்டாங்கம்மா."

"இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. நல்லாத் தெளிவா இருந்துச்சு."

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.

எடுத்தபோது வெயில் ஏறியிருந்தது. பெண்களாகிய நாங்கள் தெருக்கோடியில் நின்றுவிட்டோம். அங்கிருந்து வாய்க்கால் கரையோரமாகப் பாதை போகிறது. இரண்டு பக்கமும் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. பறைச் சத்தம் நெருங்கியதும் வயலில் குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். "மாரியாயி மவ போவுதுடி" என்று ஒருவர் சொன்னது எங்கள் வரைக்கும் கேட்டது. எல்லோரும் கையிலிருந்த நாற்றைச் சேற்றில் வைத்துவிட்டுக் கரையேறினார்கள். பன்னிரண்டு பதின்மூன்று பேர் இருக்கும். வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு, வரிசையாக நின்றார்கள். பூப்பல்லக்கு அவர்களைத் தாண்டி வளைவில் மறையும் வரை அசையவில்லை. பிறகு ஒவ்வொருவராக வயலில் இறங்கி, வைத்த இடத்திலிருந்து நாற்றை எடுத்துக்கொண்டார்கள்.

போய் வாருங்கள், அமுதா. உங்களை வழியனுப்ப நான் இன்னும் பழகவில்லை.