ரவிக்கைக்கு விடும் இரண்டு விரல்

சந்தனமாரி தைத்த ரவிக்கை அக்குளில் பிடிக்கிறது என்று விக்கிரமசிங்கபுரத்தில் ஒருத்தியும் சொன்னதில்லை. பதினாறு வருஷம் மிஷினில் குனிந்து தைத்ததில் கழுத்துவலிதான் மிச்சம். ஆகவே, காட்டில் மரங்களை அளக்க ஆள் வேண்டுமென்று கல்லூரி ஆராய்ச்சிக்காரி ஸ்டெபி வந்து கேட்டதும், "டேப்பு பிடிக்கத்தான நான் பொறந்ததே!" என்று அன்றைக்கே கிளம்பிவிட்டாள்.

பாபநாசம் மலையடிவாரத்தில், தகர நம்பர் அடித்த முந்நூறு மரங்கள். மரத்தை வெட்டாமலே எடை போடும் வித்தை அது. நெஞ்சு உயரத்தில் சுற்றளவு எடுத்தால் விட்டம் தெரியும், விட்டத்திலிருந்து எடை, எடையில் ஏறக்குறையப் பாதி, மரம் காற்றிலிருந்து பிடித்து வைத்த கார்பன். சந்தனமாரிக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துப்போயிற்று. நிமிர்ந்து நிற்கலாம். அளவு கொடுக்கிறவர் நெளிவதுமில்லை, நாளைக்கே வேண்டும் என்று நச்சரிப்பதுமில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு வேலையை நிலையாக்குவதாக ஸ்டெபி சொல்லியிருந்தாள். அந்த நம்பிக்கையில் தையல் மிஷினுக்கு உறை போட்டாகிவிட்டது.

இருபதாம் நாள் மதியம், சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஸ்டெபி மடிக்கணினியைப் பார்த்து முகம் சுளித்தாள். போன வருஷ அளவைவிட, நோஞ்சான் நாவல்மரமும் கிழட்டு மருதமரமும் ஒன்றுபோல நாலு சென்டிமீட்டர் பெருத்திருந்தன.

"இது நடக்காத காரியம். அக்கா டேப்பு பிடிச்சுப் பழகினவங்க, போன வருஷ அளவுதான் தப்பு. அதை அப்படியே தள்ளிர வேண்டியதுதான்."

போன வருஷம் அளந்த மேலப்பாளையத்து முகம்மது மைதீன் பக்கத்திலேயே இருந்தார். முட்டிவலி வந்ததால் இப்போது நோட்டு எழுதுகிறார். "நான் பாத்துப் பாத்துத்தாம்மா அளந்தேன்" என்றார். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

சந்தனமாரிக்கும் சோறு இறங்கவில்லை. எழுந்து போய் ஒரு மருதமரத்தில் டேப்பைச் சுற்றினாள். கையைப் பார்த்ததும் பகீரென்றது. டேப்புக்கும் பட்டைக்கும் நடுவே அவளுடைய இரண்டு விரல்கள் சமர்த்தாகப் படுத்திருந்தன. ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது மூச்சுவிட இடம் விடுவாளே, அதே விரல்கள்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் மறுபடி மிஷின்தான். திரும்பினால் அந்த மூடிய டிபன் பாக்ஸ்.

"மேடம், அண்ணாச்சி மேல தப்பில்ல. எல்லாம் என் விரல் செஞ்ச வேலை. இங்கன வந்து பாருங்க."

ஸ்டெபி வந்து பார்த்தாள். தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். மைதீனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீரே வந்துவிட்டது. "மரத்துக்கு மூச்சு முட்டிருமேன்னு பாத்தியா தாயி?"

"முந்நூறையும் திரும்ப அளக்கணும்க்கா" என்றாள் ஸ்டெபி.

அளந்தாள். ஒன்பது நாள், பட்டையோடு ஒட்டப் பிடித்து அளந்தாள். மைதீனின் அளவுக்கு மேல் அரை, முக்கால் சென்டிமீட்டர் என்று மரங்கள் நியாயமாகவே வளர்ந்திருந்தன. ஸ்டெபி நோட்டை வாங்கி, அடுத்த வருஷத்துக்கான பக்கத்தைத் திருப்பி, அளப்பவர் என்ற இடத்தில் சந்தனமாரி என்று எழுதினாள்.

மைதீன் டிபன் பாக்ஸைத் திறந்து எண்ணெயில் பொரித்த அரிசிமாவு வாடா ஆளுக்கொன்று வைத்தார். "பெருநாளைக்கு எனக்கொரு சட்டை தைச்சுத் தா தாயி. அதுல மறக்காம ரெண்டு விரல் விட்ரு."

சந்தனமாரி அவர் தொந்தியை ஒரு நோட்டம் விட்டாள். "உங்களுக்கு நாலு விரல் விடணும் அண்ணாச்சி."