இன்னாசியம்மாள் எழுதிய சீட்டு

கீரனூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பிரசவ விடுதியில் இன்னாசியம்மாள் ஆயாவாக இருந்தாள். ஆவூர்க்காரி. மிஷன் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள். 1953 ஐப்பசியில், நர்ஸம்மா விடுப்பில் போயிருந்த ஒரு காலையில், அழகி என்கிற பெண்ணை வலியோடு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். குழந்தை இறந்தே பிறந்தது. அழகிக்கு ரத்தம் நிற்கவில்லை.

டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் நெல்லூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. அவருக்கு எழுதினால் இங்கிலீஷில் எழுத வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார். ‘தாய் குழந்தையைப் பறிகொடுத்துவிட்டாள், வாருங்கள்’ என்று மனதில் சொல்லிக்கொண்டு, இன்னாசியம்மாள் ஒரு சீட்டில் எழுதினாள்: ‘மதர் சைல்ட் லாஸ்ட். கம்.’ ஒன்பது மணி பஸ் கண்டக்டரிடம் அதைக் கொடுத்தனுப்பினாள்.

ஜீப் இரண்டு மணிக்குத்தான் வந்தது. உள்ளே வந்த டாக்டர், அழகி மூச்சு விடுவதைப் பார்த்துத் திடுக்கிட்டார். கையோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து அழகி பிழைத்தாள்.

டாக்டர் அடுத்த முறை வந்தபோது அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினார்.

“தாயும் பிள்ளையும் ரெண்டு பேரும் போயிட்டாங்கன்னு எழுதியிருக்கியே. செத்தவங்களுக்கு அவசரம் எதுக்குன்னு மத்த நோயாளிகளைப் பார்த்துட்டு வந்தேன்.”

தான் அப்படி எழுதவில்லை என்று அவள் சொன்னாள். அவர் பேனாவை எடுத்துக் கீழே ‘மதர் லாஸ்ட் சைல்ட்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இன்னாசியம்மாள் இரண்டு வரிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அதே மூன்று சொற்கள். ஒரு எழுத்துக்கூடப் புதிதாகச் சேரவில்லை. இடம் மட்டும் மாறியிருந்தது. அந்த இடமாற்றத்துக்குள் ஐந்து மணி நேரமும் ஒரு பெண்ணின் உயிரும் இருந்தன.

எட்டாவது பரீட்சையைத் தனியாக எழுதித் தேறினால் மிட்வைஃப் பயிற்சியில் சேரலாம் என்று நர்ஸம்மா முன்பே சொல்லியிருந்தார். அதை அப்போது காதில் போட்டுக்கொள்ளாதவள், இப்போது ஒரு இங்கிலீஷ் ரீடர் வாங்கி வந்தாள். அவள் கணவன் அந்தோணிமுத்து பார வண்டி ஓட்டுகிறவன். ஆயா வேலைக்கு இங்கிலீஷ் எதற்கு என்று கேட்டான்.

“அழகி பொழச்சதுல எம்பங்கு ஒண்ணுமில்லீங்க” என்றாள் அவள். “அடுத்து வர்றவ என் சீட்டால சாகக் கூடாது.”



துணி அலசும்போதும் வெந்நீர் வைக்கும்போதும் அவள் வாக்கியங்களைப் பிரித்துப் பார்த்தாள். ‘குழந்தையை’ என்று தமிழில் சொன்னால், அந்தச் சொல் வாக்கியத்தில் எங்கே நின்றாலும் அது செயப்படுபொருள்தான். ‘ஐ’ கூடவே ஒட்டிக்கொண்டு போகிறது. இங்கிலீஷில் அப்படி ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை. செய்கிறவர் முன்னால், செய்கை நடுவில், செய்யப்பட்டது பின்னால். நிற்கிற இடம்தான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பிடி கிடைத்துவிட்டது என்று நம்பி 1954இல் பரீட்சை எழுதினாள்.

மற்றவற்றில் தேறி, இங்கிலீஷில் தவறினாள்.

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், எழுதியதை நினைவிலிருந்து மறுபடி எழுதிப் பார்த்தாள். ‘நோயாளி பலவீனம்’ என்பது தமிழில் முழு வாக்கியம். அதையே ‘பேஷண்ட் வீக்’ என்று எழுதியிருந்தாள். நடுவில் ‘இஸ்’ இல்லை. ‘கொடுத்தேன்’ என்றால் அதிலேயே ‘நான்’ இருக்கிறது. ‘கேவ்’ என்பதில் நானும் இல்லை, நீயும் இல்லை. பக்கம் பக்கமாக ஆளில்லாத வாக்கியங்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதி முடித்ததும் யார் என்று ஒரு தடவையும், என்ன செய்தார் என்று ஒரு தடவையும் கேட்டுக்கொண்டாள். ஆள் தேவைப்பட்டபோதெல்லாம் புருஷனைப் போட்டாள். அந்தோணிமுத்து சோறு தின்கிறான், அந்தோணிமுத்து மாட்டை அடிக்கிறான் என்று நோட்டு நிரம்பியது. ஒருநாள் அவள் தமிழில் அர்த்தம் சொல்லிப் படித்தபோது அவன் தன் பெயரைக் கேட்டுவிட்டு, இதில் நான் யார் என்று கேட்டான்.

“நீங்கதாங்க எழுவாய்.”

“மாட்ட நான் அடிச்சதேயில்லையே” என்றான் அவன். அவள் அந்த வரியை அடித்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறான் என்று மாற்றினாள். அதை இங்கிலீஷில் எழுத அரைமணி நேரம் பிடித்தது.

மறு வருஷம் இங்கிலீஷில் நாற்பத்தொரு மார்க். பிறகு திருச்சியில் பயிற்சி. அதை முடித்து, ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமங்களுக்கு மிட்வைஃபாக வந்தாள். அந்தோணிமுத்துவும் வண்டி மாடுகளோடு வந்து சேர்ந்தான்.

1962இல் ஒரு பிரசவத்துக்குப் பின் போட வேண்டிய ஊசியை அவள் மறந்துவிட்டாள். அடுத்தடுத்து மூன்று வீடுகளுக்கு நடந்த நாள் அது. காய்ச்சல் கண்ட தாய் ஒரு வாரத்தில் எழுந்துவிட்டாள் என்றாலும், மேலே அறிக்கை அனுப்ப வேண்டும். மேற்பார்வைக்கு வந்த அம்மாள் நல்லவர்தான். ஊசி போடப்படவில்லை என்று மட்டும் எழுதச் சொன்னார். இங்கிலீஷில் அதற்கு ஆள் வேண்டாம், யாரும் தோண்டிக் கேட்கமாட்டார்கள் என்றார்.

“ஆள் இருக்குதும்மா. நாந்தான்” என்றாள் இன்னாசியம்மாள்.

‘ஐ’ என்று பெரிய எழுத்தில் தொடங்கி, நான் ஊசி போடவில்லை என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்திட்டாள்.

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அவள் அதை ஒரு சொல் விடாமல் படித்தாள். யாரையும் அர்த்தம் கேட்கவில்லை. மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, முத்துமாரியம்மாள் என்கிற பெண்ணுக்கு வலி எடுத்திருப்பதாக ஆள் வந்து நின்றதால், பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.