இரும்புச் சப்பாத்து

என் மேசையில் ஒரு சாண் அகலத்தில் சிறிய கல் அறை ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவின் கோட்டைக் காலத்துக் கவச வீரன் ஒருவன் போரிலிருந்து திரும்பி, காய்ச்சலில் கிடக்கும் மகளின் கட்டிலருகே மண்டியிடுகிறான். என் சுண்டுவிரல் அளவுதான் அவன். பிசைந்து வைத்தால் கல்லாக இறுகும் பசைமண்ணில் தையல் ஊசியால் செதுக்கினேன். நெஞ்சுக்கவசம் பால்மாப் பைக்கற்றின் வெள்ளி உட்தாள். இப்படிக் காட்சிகள் செய்து, இதே பைத்தியம் பிடித்தவர்கள் கூடும் இணையக் குழுவுக்குப் படம் அனுப்புவேன். கவசத்தில் ஒரு கொக்கி பிழைத்தாலும் அவர்கள் விடமாட்டார்கள்.

அறையும் கட்டிலும் முடிந்து, வீரனுக்குக் கம்பி வளைத்துக்கொண்டிருந்த நாளில்தான் தொலைபேசி அழைப்பு வந்தது. சாவகச்சேரியில் வேலை பார்க்கும் என் மகளின் ஸ்கூட்டரை லொறி ஒன்று தட்டிவிட்டது. கோப்பாயிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனேன் என்று இன்றும் சொல்லத் தெரியாது. இடது மணிக்கட்டு முறிவு மட்டும்தான். ஆனால் நெற்றியில் ரத்தம் காய்ந்திருக்க, மருந்து மயக்கத்தில் கிடந்தாள். மூச்சு விடுகிறாளா என்று மூன்று தடவை குனிந்து பார்த்தேன்.

பிறகு அவள் கேட்டபோது, “எனக்கென்ன பயம்? கைதானே முறிஞ்சது” என்றேன். ஸ்கூட்டரைத் திருத்திக் கொண்டுவந்தேன். அதைப் பூட்டி, திறப்பை மட்டும் பசைமண் டப்பாவுக்குள் ஒளித்தேன். அவள் குணமாகும்வரை அந்த மேசையடியிலேயே இருந்து வீரனைச் செய்து முடித்தேன்.

கையின் பிளாஸ்ரர் வெட்டி மூன்று கிழமை போய்விட்டது. நேற்றுக் காலை வேலைக்குப் புறப்பட்டு வந்தவள் மேசையருகே நின்றாள்.

“அப்பா, உவர் ஏன் வெறுங்காலோட இருக்கிறார்?”

பார்த்தேன். உடல் முழுவதும் இரும்பு, பாதங்கள் மட்டும் வெறுமை. பத்து விரல்களுக்கும் நகம்கூட வைத்திருந்தேன். வாசலுக்கு வெளியே அவனுடைய இரும்புச் சப்பாத்துகள். ஒன்று கவிழ்ந்து கிடந்தது. எல்லாம் என் கைவேலைதான். எப்போது செய்தேன்? அந்த ஊரில் எவன் வாசலில் சப்பாத்தைக் கழற்றினான்?

“குழுவிலை சிரிக்கப்போறாங்கள். யாழ்ப்பாணத்து வீரன் எண்டு சொல்லுங்கோ” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லக்கூடாது என்று வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

“ஆஸ்பத்திரி வாட் வாசலிலை செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் உன்னட்டை ஓடி வந்தனான். ‘ஐயா, இதென்ன கோயிலே?’ எண்டு நேர்ஸ் பிள்ளை கேட்டது. வெளியிலை வந்து பாத்தால் ஒண்டு கவிண்டு கிடக்குது.”

அவள் சிரிப்பு நின்றது. வீரனின் கால்களையே பார்த்தாள்.

“திறப்பைத் தாங்கோ அப்பா.”

“நீ இன்னும் ஒரு கிழமை பஸ்ஸிலை போவன்.”

“இண்டைக்கு ஓடேல்லை எண்டால் எனக்கும் பயம் பிடிச்சிடும். வீட்டிலை பயப்பிட ஒராள் இருந்தால் காணும்.”

டப்பாவைத் திறந்தேன். திறப்பில் பசைமண் ஒட்டியிருந்தது. நகத்தால் மெல்ல மெல்லச் சுரண்டினேன். அவள் வாங்கி, இடது கையாலேயே சுரண்டினாள்.

கேற்றடியில் நின்று ஸ்கூட்டரின் சத்தம் ஓயும்வரை கேட்டேன். ஓய்ந்த பிறகும் நின்றேன். வெயில் ஏறி உள்ளங்கால் சுட்டபோதுதான் குனிந்து பார்த்தேன். செருப்பு வீட்டு வாசலில் கிடந்தது.