சந்தன மொட்டைக்குத் தொள்ளாயிரம்

என் வீட்டுக்காரரிடம் யாராவது விலை கேட்டால் அவருக்கு வாய் வறண்டுவிடும். பத்து வருடத்துக்கு மேல் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு திருமலைக்கு வேன் ஓட்டியவர். பார்க்கிங் சண்டையில் நாலு பேர் சேர்ந்து வந்தாலும் பின்வாங்காதவர். அப்படிப்பட்டவர், "எவ்ளோ அண்ணா?" என்று ஒருவர் கேட்டதும் கையிலிருக்கும் ஈரத்துணியையே பார்த்துக்கொண்டு நிற்பார். கேட்டவர் தெலுங்கு ஆளாக இருந்தால் "மீ இஷ்டம்" என்பார். தமிழ் ஆளாக இருந்தால் "பாத்துக் குடுங்க" என்பார். இதை வைத்துக்கொண்டே ஒரு கடையை நடத்திவிடலாம் என்று அவர் நம்பினார். நான் நம்பவில்லை.

கடை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகிற சாலையில் வாடகைக்கு எடுத்த ஒரு தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு நீராவி மெஷின், ஒரு பாலிஷ் மெஷின். வண்டியை வெறுமனே கழுவித் தருவதில்லை. சீட்டு, கூரைத்துணி, கதவு இடுக்கு எல்லாவற்றையும் சுத்தம் செய்து, வெளியே பாலிஷ் போட்டு, கேட்டால் கோட்டிங்கும் அடித்துக் கொடுப்போம். 'கார் டீட்டெய்லிங்' என்று போர்டு எழுதி வைத்தோம். பாதிப் பேர் அதை நிதானமாகப் படித்துவிட்டு, "வாட்டர் வாஷ் கீதா?" என்று கேட்டார்கள்.

அவர் வேனை விட்ட காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் மலையிலிருந்து இறங்கும்போது ஒரு திருப்பத்தில் அவர் கால் பிரேக்குக்கு வரவில்லை. தூங்கவில்லை, மயக்கமும் இல்லை. கால் அப்படியே நின்றுவிட்டது. நல்லவேளையாகப் பக்கத்து சீட்டில் அவருடைய கூட்டாளி ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவனும் டிரைவர்தான். அவன் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, வேனை மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினான். பின்னால் இருந்தவர்கள் குலுங்கினார்கள், அவ்வளவுதான். மீதி வழியை அவன் ஓட்டிக்கொண்டு வந்தான். கீழே வந்ததும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாளே வேன் ஸ்டாண்டில் என் வீட்டுக்காரர் கதை முடிந்திருக்கும்.

டாக்டர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். வீட்டில் நாங்கள் "கால் சரியில்லை" என்றே பேசிக்கொண்டோம். பயம் என்ற வார்த்தையை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கடை நிற்காவிட்டால் அவர் மறுபடி மலை ஏற வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். வேறு வேலை அவருக்குத் தெரியாது. அதனால்தான் நான் விலையைப் பற்றி அப்படி அரித்துக்கொண்டிருந்தேன்.

கடைக்கு வந்த வண்டிகளில் முக்கால்வாசி அவருடைய பழைய ஸ்டாண்டு வேன்கள். மலைமேல் மொட்டை போட்டுக்கொண்டவர்கள் தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு வேனில் ஏறுவார்கள். சீட்டில் சாய்வார்கள். மேடுபள்ளத்தில் தலை கூரையில் இடிக்கும். சீட்டு முதுகிலும் கூரைத்துணியிலும் மஞ்சள் வட்டம் வட்டமாக அப்பிக்கொள்ளும். காய்ந்த சந்தனம் சாதாரணமாகப் போகாது. தண்ணீர் அதிகம் விட்டால் கூரைத்துணியை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போய் துணி தொங்கிவிடும். நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி, ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும். அண்ணாந்தபடி மூன்று மணி நேர வேலை. கூடவே சீட்டு இடுக்கில் லட்டு நெய், திருப்பங்களில் பிள்ளைகள் எடுத்த வாந்தி. இதற்கெல்லாம் சேர்த்து அவருக்கு 'பார்த்து'க் கொடுத்தது முந்நூறு ரூபாய்.

நான் நகரியில் தறிச் சத்தத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் பொருள்களைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு திருகை முடுக்குவதற்குக்கூட இத்தனை விநாடி என்று கணக்கு உண்டு. கடை தள்ளாடுவதைப் பார்த்துவிட்டு அந்த வேலையை விட்டேன். விட்ட முதல் வாரம் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கைப்பேசியில் நேரம் வைத்து, அவர் செய்கிற ஒவ்வொன்றையும் அளந்தேன். அவருக்கு எரிச்சல். "நீ இன்னா சூப்பர்வைசரா?" என்றார். ஆமாம் என்றேன். ஷாம்பு, கரண்டு, வாடகை, தண்ணீர் எல்லாம் போட்டுப் பார்த்தால், முந்நூறு ரூபாய்க்கு ஒரு வேனைச் சுத்தம் செய்வதும் நாமே நம் பணத்தில் அடுத்தவன் வண்டியைத் துடைப்பதும் ஒன்றுதான். இவ்வளவுக்கும் அவர் இடுப்பு வலிக்கு நான் விலை போடவே இல்லை.

மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று தெரிய வேண்டுமே. திருப்பதியில் கேட்டால் யாருடைய மனைவி என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் சித்தூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு டீட்டெய்லிங் கடையில், தம்பியின் வேனுக்குக் கேட்கிறேன் என்று பொய் சொன்னேன். எனக்குத் தம்பியே கிடையாது.  வண்டி எந்த மாடல் என்று கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். அந்தக் கடைக்காரன் கேட்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்தான், "ஆயிரத்து இருநூறு" என்றான், வாயை மூடிக்கொண்டான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. விளக்கமும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அந்த மௌனத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். விலையைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கத் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு ஆள் இல்லை.

சித்தூர்க்காரனைவிட முந்நூறு குறைத்து, தொள்ளாயிரம் என்று முடிவு செய்தேன். அதற்குக் கீழே போனால் நஷ்டம், மேலே போனால் ஸ்டாண்டில் வைவார்கள். 'சந்தன மொட்டை முழு சுத்தம் 900' என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, கடை வாசலில் கண்ணில் படுகிற மாதிரி மாட்டினேன்.  அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் நான்கு நாள் ஒரு வேன்கூட வரவில்லை. சாலையில் தெரிந்த வேன் போனால் வேகம் குறைகிறதா என்று பார்ப்பேன். குறையும், போர்டைப் படிப்பார்கள், போய்விடுவார்கள்.  சாப்பாடு இறங்கவில்லை. அறுநூறாக மாற்றிவிடலாமா, ஐந்நூறாக மாற்றிவிடலாமா என்று மனம் ஏலம் விட்டுக்கொண்டே இருந்தது. ஸ்ரீசிட்டி வேலையை அவசரப்பட்டு விட்டுவிட்டேனோ என்றுகூட நினைத்தேன்.

ஐந்தாம் நாள் ஒரு வேன் வந்தது. பிறகு இன்னொன்று. அடுத்த வாரம் வழக்கம்போல ஆகிவிட்டது. டிரைவர்கள் வண்டியை எடுக்க வருவது நான் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போகும் நேரம். நான் திரும்பி வரும்போது அவர் பணத்தை என் கையில் கொடுப்பார். ஒவ்வொரு வேனுக்கும் சுளையாகத் தொள்ளாயிரம். எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. பார்த்தாயா, கேட்டால் கொடுக்கிறார்கள், நீதான் கேட்கவில்லை என்று இரண்டு மூன்று முறை குத்திக்காட்டினேன். அவர் சிரித்தார். விடியும் முன்பே எழுந்து கடைக்குப் போய்விடுவார். அப்போதுதான் குழாயில் தண்ணீர் வரும், தொட்டி நிரப்ப வேண்டும் என்பார். நான் ஒன்பது மணிக்குப் போகும்போது தொட்டி நிரம்பியிருக்கும், அவர் வெளுத்துப்போய் உட்கார்ந்திருப்பார். வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் ஷாம்பு வாங்கப் போனவர் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அது அடித்தது. எடுத்தேன். அரக்கோணம் பக்கத்திலிருந்து ஒரு பெண். நேற்றுக் காலை குழந்தைக்கு மொட்டை போட்டுவிட்டு எங்கள் வேனில்தான் இறங்கினார்களாம். குழந்தையின் கொலுசு ஒன்று வண்டியில் விழுந்துவிட்டது போலிருக்கிறதாம். வேறு யாரையோ நினைத்துக் கூப்பிடுகிறீர்கள், இது கடை என்றேன். "இல்லக்கா, டிரைவர் அண்ணன் இந்த நம்பர்தான் குடுத்தாரு" என்றாள். பிறகு, நான் கேட்காமலே சொன்னாள்.

"அவருக்கு இப்ப ஒடம்பு எப்படிக் கீது? பாவம், கை நடுங்கினே ஓட்டினாரு. ஓரமா நிறுத்தி மூஞ்சி கழுவிகினாரு. எங்க மாமியார்தான் மோரு குடுத்தாங்க."

கொலுசைத் தேடச் சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. போர்டைப் பார்த்தேன். என் கையெழுத்தில் தொள்ளாயிரம் என்று இருந்தது.

அவர் வந்ததும் கேட்டேன். மறைக்கவில்லை. போர்டைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று சொல்லி, கூட்டாளிகளிடம் முந்நூறுதான் வாங்கியிருக்கிறார். மீதி அறுநூறுக்கு, விடிகாலையில் ஆக்டிங் டிரைவராக யாருடைய வேனையாவது எடுத்துக்கொண்டு மலைக்கு ஒரு நடை போய் வந்திருக்கிறார். தொட்டியை நிரப்பப் பக்கத்து டீக்கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

"உன் ரேட்டு தப்புன்னு சொல்லல. அவங்கள கேக்க எனக்கு வாய் வரல," என்றார். "மெதுவாதான் ஓட்டறேன்."

மெதுவாக ஓட்டுகிறாராம். அந்த வார்த்தையில்தான் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கத்தினேன். சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எந்த மலையிலிருந்து அவரைத் தள்ளி வைக்க வேலையை விட்டேனோ, சித்தூர்வரை போய்ப் பொய் சொன்னேனோ, அதே மலைக்கு நான் எழுதிய விலையே அவரை அனுப்பியிருக்கிறது. அன்றைக்கு முழுவதும் ஒரே யோசனை. விலையைக் குறைத்தால் கடை படுத்துவிடும், அவர் நிரந்தரமாக மலைக்குப் போவார். குறைக்காவிட்டால் விடிகாலையில் போவார். எப்படிப் பார்த்தாலும் அந்தத் திருப்பம்தான் வந்து நின்றது.

கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னேன். போர்டு அப்படியே இருக்கும், வரப்போகிற வேன்களுக்கு விலையை அவரேதான் சொல்ல வேண்டும், நான் பக்கத்தில் நிற்பேன். அவர் சரி என்றார். மறுநாள் யார் வேன் வருகிறது என்று கேட்டேன். அன்று அவரைக் காப்பாற்றிய கூட்டாளியின் வேன் என்றார். எனக்கே ஒரு நிமிடம் விட்டுவிடலாமா என்று இருந்தது.

மறுநாள் மூன்று மணிக்கு நான் பள்ளிக்குப் போகவில்லை. மகளைப் பக்கத்து வீட்டு அக்கா கூட்டிவந்தார். அவன் வந்தான், வேனைச் சுற்றிப் பார்த்தான், கூரையைத் தடவிப் பார்த்தான். "புது வண்டி மாதிரி கீது வதினா" என்றான். தமிழ் ஆள்தான், ஆனால் அண்ணன் மனைவியைத் தெலுங்கில் கூப்பிட்டுத்தான் அவனுக்குப் பழக்கம். சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்திருந்த மூன்று நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து நீட்டினான். என் வீட்டுக்காரர் வாங்கவில்லை. ஈரத்துணியைப் பார்த்தார்.

"தொள்ளாயிரம் ரா," என்றார்.

அவன் விளையாட்டு என்று நினைத்தான். "என்கிட்டயா அண்ணா?" என்று சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.  இப்போது 'மீ இஷ்டம்' என்றுவிடுவார் என்று நினைத்தேன்.

"உன்கிட்டதான். இல்லன்னா நான் மறுபடி மேல போவணும். என்னால ஆவல. பயமா கீது."

எனக்குக்கூட அவர் அதைச் சொன்னதில்லை. அவன் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் எதிரே போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபித்துக்கொண்டு போய்விடுவான், ஸ்டாண்டு முழுவதும் சொல்லிவிடுவான், நாளையிலிருந்து ஒரு வேனும் வராது என்று நான் அதற்குள் எல்லாவற்றையும் நினைத்து முடித்துவிட்டேன்.

"எனக்கு மட்டும் இன்னா அண்ணா," என்றான். "அன்னிலேர்ந்து நானும் பயந்துகினேதான் எறங்கறேன். யார்கிட்ட சொல்றது?"

பேன்ட் பையிலிருந்து இன்னும் அறுநூறை எடுத்து, முந்நூறோடு சேர்த்து, அவரிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினான். குறைத்துக்கொள்கிறேன் என்ற வார்த்தை என் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. தொள்ளாயிரத்தையும் வாங்கிக்கொண்டேன். அவனுக்கு ஐந்து மணிக்கு மலைக்கு ஒரு டிரிப் இருந்தது. வண்டியில் ஏறி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு போனான்.