ஆயிரத்து ஐம்பது கஜம்

செட்டிகுளத்து அய்யாக்கண்ணுவுக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. பெரம்பலூர்த் தபாலாபீசில் தந்தி அடித்துக்கொண்டிருந்தவனை, 1944-ல், அரியலூர்ப் பக்கம் சண்டைக்காக அவசரமாகப் போட்ட விமானத் திடலுக்கு ரேடியோ பேச அனுப்பினார்கள். இறங்க வரும் விமானிக்கு ஓடுபாதையின் நீளத்தை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். விமானி அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் இறங்க அனுமதி.

ஐப்பசி மழையில் பாதையின் கிழக்குக் கோடி பெயர்ந்துபோனது. கூலிக்கு வந்த காத்தாயியும் இருபது பெண்களும் அங்கே பழைய தளத்தைக் கொத்தியெடுத்துச் சரளை கொட்டிக்கொண்டிருந்தார்கள். மீதி ஆயிரத்து இருநூறு கஜம் என்று திங்கட்கிழமை ஆபீசர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொத்து வேலை முன்னேற முன்னேற, விமானம் இறங்கக்கூடிய பாதை குறைந்தது. காகிதம் மட்டும் குறையவில்லை. அய்யாக்கண்ணு தினமும் காலடிக்கு ஒரு கஜமாகத் தானே நடந்து அளப்பான். புதன்கிழமை ஆயிரத்து ஐம்பதுதான் வந்தது.

"காயிதத்துல இருக்கறதச் சொல்லுய்யா. ஆயிரத்து நூறுக்குக் கீழ போனா பெரிய விமானம் வராது, மேலிடத்துல எனக்குத்தான் கெட்ட பேரு" என்றார் ஆபீசர்.

"அந்த நூத்தம்பது கஜத்துல பொம்பளைங்க நிக்கிறாங்க சார். நீங்க போய் அங்க நில்லுங்க, சொல்றேன்."

ஆபீசருக்கு முகம் கறுத்துவிட்டது. அதற்குள் மேலே இரைச்சல் கேட்டது. அய்யாக்கண்ணு பேசினான்: "ஓடுபாதை குறைந்திருக்கிறது. மீதி ஆயிரத்து ஐம்பது கஜம். கோடியில் ஆட்கள். திருப்பிச் சொல்லவும்."

"புரிந்தது" என்றான் விமானி.

"புரிந்தது போதாது. நீளத்தைச் சொல்லவும்."

விமானம் இரண்டு சுற்று வந்தது. பின்னால் ஆபீசர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் விமானி எரிச்சலோடு சொன்னான்: "ஆயிரத்து ஐம்பது. எனக்குப் போதாது. திருச்சிக்கே திரும்புகிறேன்."

காத்தாயி நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்த்தாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் ஆபீசர் கூப்பிட்டு அனுப்பினார். அய்யாக்கண்ணு போகும் வழியில் பாதையை இன்னொரு தரம் அளந்துவிட்டுத்தான் போனான். ஆபீசர் ஒரு தாளை அவன் முன்னால் தள்ளினார். "மன்னிப்புக் கேட்டு எழுது. இல்ல, மூட்டையக் கட்டு."

அவன் யோசிக்கவே இல்லை. நின்றபடியே எழுதி நீட்டினான். ஆபீசர் வாங்கிப் படித்தார்.

"ஓடுபாதை குறைந்திருக்கிறது. மீதி ஆயிரத்து இருபது கஜம். திருப்பிச் சொல்லவும்."